வசமான எதிரணி யார்?

1956 செப்டம்பரில் மாஸ்கோவில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் ஹங்கேரி, சோவியத் யூனியனை 2.5–1.5 என்ற கணக்கில் தோற்கடித்தது. 1952இல் ஹெல்சிங்கியில் முதன்முறை களமிறங்கிய சோவியத் அணி ஒலிம்பியாடில் கண்ட முதல் தோல்வி அது; அதுவும் சொந்த மண்ணில். எட்டு ஆண்டுகள் கழித்து, 1964இல் டெல் அவிவில், மேற்கு ஜெர்மனி அதே அணியை 3–1 என்று வீழ்த்தியது. ஆனால் அந்த இரண்டு ஒலிம்பியாடிலும் தங்கம் சோவியத்துக்குத்தான் போனது. இரண்டிலும் பட்டியலில் அடுத்து நின்ற அணியைவிட 4.5 புள்ளி முன்னால் முடித்திருந்தார்கள். அவர்களை வென்ற ஹங்கேரியும் மேற்கு ஜெர்மனியும் மூன்றாம் இடத்தோடு ஊர் திரும்பின. ஒரு பந்தயத்தில் எதிராளியை நேருக்கு நேர் வென்றவர் பின்தங்குவதும், தோற்றவர் எளிதாக முதலிடம் பிடிப்பதும் எப்படி நடக்கிறது? செஸ் அணிப் போட்டிகளைப் பற்றி நெடுநாளாக நிலவும் ஒரு நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இன்ன அணிக்கு இன்ன அணி வசமானது, இன்ன அணி ஆகாதது என்பதே அந்த நம்பிக்கை. சோவியத்துக்கு ஹங்கேரி ஆகாது, ரஷ்யாவுக்கு ஆர்மீனியா ஆகாது, இந்தியாவுக்கு உஸ்பெகிஸ்தான் சிக்கல் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பட்டியல் உலவுகிறது. காரணமாகச் சொல்லப்படுபவை நாட்டின் குணம், பழைய பகை, ஆட்டப் பாணி, சில சமயம் வெறும் ராசி. ஏறத்தாழ நூறு ஆண்டு ஒலிம்பியாட் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. ஓர் அணிக்கு எந்த எதிரணி லாபம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அந்தந்தக் காலத்துப் புள்ளிக் கணக்குதான். கணக்கு மாறியபோதெல்லாம் வசமான எதிரணியும் மாறியது. மனிதர்களுக்குள் இருக்கும் வசமும் பயமும் உண்மைதான். ஆனால் அவை பலகைக்குப் பலகை இருப்பவை, கொடிக்குக் கொடி அல்ல.

முதலில் பழைய கணக்கு. 1924இல் பாரிஸில் தொடங்கப்பட்ட உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, 1927இல் லண்டனில் முதல் அதிகாரபூர்வ ஒலிம்பியாடை நடத்தியது. 16 நாடுகள் வந்தன. ஒவ்வொரு நாடும் மற்ற எல்லா நாடுகளோடும் ஒருமுறை மோதியது; ஒரு மோதலுக்கு நான்கு பலகை. ஹங்கேரி 40 புள்ளி எடுத்து முதல் சாம்பியன் ஆனது, டென்மார்க்குக்கு 38.5. இந்த 40 என்பது எத்தனை நாடுகளை வென்றார்கள் என்ற எண்ணிக்கை அல்ல. 15 சுற்றுகளில் ஆடிய 60 தனி ஆட்டங்களில் சேர்த்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. எதிரணியை 2.5–1.5 என்று மயிரிழையில் வென்றால் கிடைப்பது இரண்டரை. ஆட்டம் பழகாத ஒரு நாட்டை 4–0 என்று துடைத்தெறிந்தால் கிடைப்பது நான்கு. சமபலம் கொண்ட இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். முதல் அணி இரண்டாவதிடம் 1.5–2.5 என்று தோற்று ஒரு புள்ளி பின்தங்குகிறது. ஆனால் ஐந்து பலவீனமான அணிகளிடம் முதல் அணி தலா 3.5 எடுக்க, இரண்டாவது அணி தலா 3 மட்டும் எடுத்தால், முதல் அணி ஒன்றரைப் புள்ளி முன்னால் போய்விடுகிறது. நேருக்கு நேர் தோல்வி கணக்கில் காணாமல் போகிறது. 2006 வரை ஒலிம்பியாட் தங்கம் இந்த ஆட்டப் புள்ளிக் கணக்கில்தான் முடிவானது. அந்த உலகில் வசமான எதிரணி என்பது போட்டியாளர் அல்ல. பட்டியலின் அடியில் கிடக்கும் அணி.

இந்தக் கணக்கில் ஆடப்படாத மோதலுக்கும் விலை இருந்தது. 1939இல் புவெனஸ் ஐரிஸில் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருக்கும்போதே ஐரோப்பாவில் போர் மூண்டது. இங்கிலாந்து அணி இறுதிச் சுற்றுகளில் ஆடாமல் கப்பலேறியது. ஜெர்மனி–போலந்து, ஜெர்மனி–பிரான்ஸ், ஜெர்மனி–பாலஸ்தீனம் உள்ளிட்ட சில மோதல்கள் காய் நகராமலேயே 2–2 என்று பதியப்பட்டன. ஜெர்மானியர்கள் கையில் நாஜிகள் இணைத்துக்கொண்ட ஆஸ்திரியாவின் எலிஸ்காசெஸ் இருந்தார். போலந்தின் முன்வரிசையில் டார்டகோவரும் நய்டோர்ஃபும். முடிவில் ஜெர்மனி 36, போலந்து 35.5. அரைப் புள்ளி. அந்த மோதல்கள் ஆடப்பட்டிருந்தால் தங்கம் யாருக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. இரு பக்கமும் புரண்டிருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு. இருபதாம் நூற்றாண்டின் ஆகக் கொடிய பகை செஸ் அரங்குக்குள் நுழைந்தபோது அது ஆகாத எதிரணியை உருவாக்கவில்லை. மோதலையே எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஓர் எண்ணை வைத்தது. அந்த எண், தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் இருந்த இடைவெளியைவிடப் பெரியது.

போருக்குப் பின் வந்த சோவியத் அணி இந்தக் கணக்கை மற்ற யாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டது. நான்கு பலகைக்கு இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள் என்ற விதியில் மற்ற நாடுகள் மாற்று இடங்களைத் தங்கள் ஐந்தாம், ஆறாம் தர வீரர்களால் நிரப்பின. சோவியத் தேர்வாளர்களுக்கு அப்படி ஒரு தரமே இல்லை. 1960இல் லைப்சிக் போன அணியில் முதல் பலகையில் அப்போதைய உலக சாம்பியன் தால், இரண்டாவதில் போட்வின்னிக், அடுத்து கெரெஸ், கோர்ச்னாய். மாற்று ஆட்டக்காரர்களாக உட்கார்ந்தவர்கள் முன்னாள் உலக சாம்பியன் ஸ்மிஸ்லோவும், மூன்று ஆண்டில் உலக சாம்பியன் ஆகவிருந்த பெட்ரோசியனும். அந்த ஒலிம்பியாடில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இங்கிலாந்தின் பென்ரோஸ், தாலைத் தோற்கடித்ததை. தங்கத்தைத் தீர்மானித்தது வேறு. ஸ்மிஸ்லோவ் 13 ஆட்டத்தில் 11.5, பெட்ரோசியன் 13 ஆட்டத்தில் 12. இந்த இருவரும் சந்தித்தவர்கள் பெரும்பாலும் எதிரணிகளின் கடைசிப் பலகைக்காரர்கள். சோவியத் 34 புள்ளியில் முடித்தபோது, ஃபிஷர் தலைமையில் வந்து வெள்ளி வாங்கிய அமெரிக்காவுக்கு 29தான். முதல் பலகையில் தோற்றாலும் நான்காம் பலகையில் அறுவடை நிற்கவில்லை.

இது ஒலிம்பியாடுக்கு மட்டுமே பொருந்தும் விளக்கம் என்று யாராவது சொன்னால், 1970இல் பெல்கிரேடில் சோவியத்துக்கும் ‘உலகின் மற்ற நாடுகள்’ அணிக்கும் நடந்த மோதலைக் காட்டலாம். அங்கே ஒரே எதிரணி, பத்துப் பலகை, பலகைக்கு நான்கு ஆட்டம். பலவீனமான நாடு எதுவும் கிடையாது. முதல் நான்கு பலகைகளில் லார்சன், ஃபிஷர், போர்டிஷ், ஹோர்ட் நால்வருமே தத்தம் பலகையில் வென்றார்கள்; ஃபிஷர் பெட்ரோசியனை 3–1 என்று சாய்த்தார். மேல் பலகைகளின் கணக்கு 10.5–5.5, உலக அணிக்குச் சாதகம். கீழ் ஆறு பலகைகளில் சோவியத் 15–9 என்று மீட்டெடுத்து, மொத்தத்தில் 20.5–19.5 என ஒரு புள்ளியில் தப்பியது. பலவீனமான நாடு இல்லாத இடத்திலும் சோவியத்துக்கு வசமான பகுதி ஒன்று இருந்தது: எதிரணியின் கீழ்ப்பாதி. அணியின் ஆழத்துக்குப் பரிசு தரும் கணக்கில் ஆழம் மிக்க அணி தோற்பது அரிது.

அந்தக் கணக்கின் ஒரு பாதி 1976இல் மாறியது. அதுவரை முதற்கட்டப் பிரிவுகள், அப்புறம் தரவாரியான இறுதிப் பிரிவுகள் என்று நடந்த ஒலிம்பியாட், ஹைஃபாவில் சுவிஸ் முறைக்கு வந்தது. சுவிஸ் முறையில் எல்லோரும் எல்லோருடனும் மோதுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை ஏறத்தாழ சமப் புள்ளி எடுத்தவர்களே எதிரெதிரே உட்காருகிறார்கள். முன்னணியில் இருக்கும் அணிக்கு மெலிந்த எதிரணி கிடைக்கும் வாய்ப்பு சுற்றுக்குச் சுற்று குறைகிறது. இஸ்ரேலில் நடந்ததால் சோவியத்தும் அதன் நேச நாடுகளும் ஹைஃபாவுக்கு வரவில்லை. மாற்றத்தின் விளைவை அவர்கள் அடுத்த முறைதான் சந்தித்தார்கள். பழைய முறையில் நடந்த கடைசி ஒலிம்பியாடான 1974 நீஸில் சோவியத்தின் முன்னிலை 8.5 புள்ளி. சுவிஸ் முறையில் அவர்கள் முதலில் ஆடிய 1978 புவெனஸ் ஐரிஸில் ஹங்கேரி 37, சோவியத் 36: முதல்முறையாகத் தங்கம் கைவிட்டுப் போனது. 1980இல் மால்டாவில் இரண்டும் 39இல் சமமாக நிற்க, டை-பிரேக்தான் சோவியத்தைக் காப்பாற்றியது. ‘சோவியத்துக்கு ஹங்கேரி ஆகாது’ என்ற பேச்சுக்குப் பெரிய ஆதாரம் இந்த இரண்டு ஆண்டுகள்தான். ஆனால் 14 சுற்று, 56 ஆட்டத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் என்பது நேரடி மோதலில் பிறந்தாக வேண்டியதில்லை. மற்ற 13 சுற்றில் எங்கே வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம்.

கணக்கு மட்டுமே எல்லாம் என்று சொல்வது மிகையாகும் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1978இல் உலக சாம்பியன் கார்போவ் அணியில் இல்லை. பாகியோவில் கோர்ச்னாயுடன் நீண்ட உலக சாம்பியன் போட்டியை அப்போதுதான் முடித்திருந்தார். அந்தக் கோர்ச்னாயோ 1976இலேயே நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். 1982இல் லூசெர்னில் கார்போவும் காஸ்பரோவும் ஒரே அணியில் ஆடியபோது அதே சுவிஸ் முறையில் சோவியத் 6.5 புள்ளி முன்னால் முடித்தது. ஆக, கணக்கு சாம்பியனைச் சிருஷ்டிப்பதில்லை. பலம் நெருங்கிவிட்ட நேரத்தில் எந்த எதிரணியிடமிருந்து லாபம் எடுக்கலாம் என்பதை மட்டும் அது தீர்மானிக்கிறது.

1986 துபாய் இதற்குத் துல்லியமான சான்று. உலக சாம்பியன் காஸ்பரோவை அமெரிக்காவின் செய்ராவன் தோற்கடிக்க, அமெரிக்கா சோவியத்தை 2.5–1.5 என்று வென்றது. மோதல்களை எண்ணும் கணக்காக இருந்திருந்தால் அது மரண அடி. ஆட்டப் புள்ளிக் கணக்கில் அது ஒரே ஒரு புள்ளிக் காயம். கடைசிச் சுற்றில் சோவியத் போலந்தை 4–0 என்று வென்று 40 புள்ளியை எட்டியது, இங்கிலாந்து 39.5, அமெரிக்கா 38.5. சோவியத்தை வென்ற அமெரிக்காவுக்கு வெண்கலம். அந்த ஆண்டு சோவியத்துக்கு ஆகாத அணி அமெரிக்கா என்று எழுதலாம். ஆனால் தங்கத்தைத் தந்தது போலந்து. இரண்டு ஆண்டு கழித்து தெசலோனிகியில் இதே கணக்கு பெண்கள் பிரிவில் சோவியத்துக்கு எதிராகத் திரும்பியது. 1957இல் பெண்கள் ஒலிம்பியாட் தொடங்கியதிலிருந்து கலந்துகொண்ட எல்லா முறையும் தங்கம் வாங்கியிருந்த சோவியத் பெண்கள் அணியை, மூன்று போல்கார் சகோதரிகளும் இல்டிகோ மாட்லும் கொண்ட ஹங்கேரி அரைப் புள்ளியில் முந்தியது. 12 வயது யூடிட் போல்கார் 13 ஆட்டத்தில் 12.5 எடுத்திருந்தார். அரைப் புள்ளியில் முடிவான தங்கத்தில், ஒரு சிறுமி எதிரே வந்த அநேகமாக எல்லோரிடமும் முழுப் புள்ளி எடுத்ததுதான் பெரிய பங்கு. சோவியத் பல காலம் வென்ற வழியிலேயே அவர்களை ஹங்கேரி வென்றது.

இப்போது எதிர்வாதங்கள். முதலாவது அரசியல். 1956 செப்டம்பரில் ஹங்கேரி மாஸ்கோவில் வென்றது. அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் கிளர்ச்சி வெடித்தது. நவம்பரில் சோவியத் டாங்கிகள் அதை நசுக்கின. இந்த வரிசையைப் பார்த்து, ஒடுக்கப்பட்ட நாட்டின் உள்ளக் கொதிப்பு பலகையில் வெளிப்பட்டது என்று சொல்லத் தோன்றும். அந்த வாதம் நிலைக்க, கிளர்ச்சிக்குப் பிறகு ஹங்கேரியின் முடிவுகள் இன்னும் கூர்மையடைந்திருக்க வேண்டும். நடந்ததோ அடுத்த சில ஒலிம்பியாடுகளில் ஹங்கேரி முதல் மூன்று இடங்களுக்கு வெளியே தங்கியதுதான். அவர்கள் மறுபடி சோவியத்தை நெருங்கியது 1970இல் ஸீகனில் ஒரு புள்ளி வித்தியாசத்திலும், 1972இல் ஸ்கோப்யேவில் ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்திலும். அதற்குக் கிளர்ச்சியைவிட எளிய காரணம் உண்டு: 1956 தொடங்கி 2000 வரை 20 ஒலிம்பியாட் ஆடிய போர்டிஷ் அப்போது தன் உச்சத்தில் இருந்தார், அவருக்குப் பின்னால் ரிப்லி, சாக்ஸ், அடோர்யான் என்று அடுத்த தலைமுறை வரத் தொடங்கியது. பகை இருந்தது உண்மை. பகை நல்ல முதல் பலகைக்காரரைப் பெற்றுத் தராது.

பகை செய்த வேலை வேறு: ஆட்களை இடம் மாற்றியது. ஹங்கேரிக்கு ஆடிக்கொண்டிருந்த பால் பென்கோ, 1957இல் ரெய்க்யவிக்கில் மாணவர் அணிப் போட்டிக்குப் போனபோது தஞ்சம் கேட்டு, அறுபதுகளில் அமெரிக்க அணியின் தூண்களில் ஒருவரானார். கோர்ச்னாய் சுவிட்சர்லாந்துக்கு ஆடினார். முன்னாள் உலக சாம்பியன் ஸ்பாஸ்கி 1984 முதல் பிரான்ஸுக்கு. நம் காலத்தில் பிலிப்பைன்ஸின் வெஸ்லி சோ, கியூபாவின் டொமிங்கஸ், ஆர்மீனியாவின் அரோனியன் எல்லோரும் அமெரிக்கக் கொடிக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு நாடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஜோடி அமைந்தால் மட்டுமே, மோதுகின்றன. அந்த இடைவெளியில் அணியில் இருவர் மூவர் மாறிவிடுகிறார்கள். பத்து ஆண்டில் நான்கைந்து மோதல், ஒவ்வொன்றிலும் வேறு ஆட்கள். இவ்வளவு சிறிய ஆதாரத்தை வைத்து இந்த நாடு அந்த நாட்டுக்கு வசம் என்று தீர்ப்புச் சொல்வது பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துக் கடையை எடைபோடுவது போன்றது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது: நாடுகளுக்கிடையே வசம் இல்லாவிட்டாலும் மனிதர்களுக்கிடையே இருக்கிறது, அணி என்பது மனிதர்கள்தானே? ஒலிம்பியாட் விதிகள் இந்த வாதத்துக்குத் துணை நிற்கின்றன. அணிகள் தங்கள் பலகை வரிசையைப் போட்டிக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இடையில் மாற்ற முடியாது. யாரை உட்கார வைப்பது என்பது மட்டுமே கேப்டனின் கையில். ஒருவரை எடுத்தால் கீழே இருப்பவர்கள் வரிசைப்படி மேலே நகர்வார்கள். அதனால் எதிரே வரப்போவது யார், எந்தக் காய் கிடைக்கும் என்பதைக் கேப்டன் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். தன் ஆளுக்கு ஒத்துவராதவர் வருவார் என்று தோன்றினால் அன்றைக்கு அவருக்கு ஓய்வு கொடுக்கலாம். இது உண்மையான கலை. ஆனால் தனிமனித வசத்தையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. 1972க்கு முன் ஸ்பாஸ்கி ஃபிஷருடன் ஆடிய ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்று இரண்டை டிரா செய்திருந்தார். அவற்றில் இரண்டு ஒலிம்பியாடில் ஆடப்பட்டவை: 1966 ஹவானாவில் டிரா, 1970 ஸீகனில் ஸ்பாஸ்கிக்கு வெற்றி. செஸ் உலகில் இவ்வளவு சுத்தமான வசத்தைக் காண்பது கடினம். 1972இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஃபிஷர் 12.5–8.5 என்று வென்று அந்தக் கணக்கைத் தீர்த்தார். உலகின் முதல் இரண்டு வீரர்களுக்கிடையே இருந்த வசமே ஒரு கோடையில் கரைந்துபோனது என்றால், ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இரண்டு அணிகளுக்கிடையே அது எப்படித் தலைமுறை தாண்டி நிற்கும்?

கணக்கின் மறுபாதி 2008இல் டிரெஸ்டனில் மாறியது. அன்று முதல் ஒரு மோதலை வென்றால் 2 அணிப் புள்ளி, சமன் செய்தால் 1. சுற்றுகள் 11 ஆகக் குறைந்தன. 4–0 வெற்றிக்கும் 2.5–1.5 வெற்றிக்கும் ஒரே விலை. இதனால் மாறியது கேப்டனின் நடத்தை. பழைய கணக்கில் எந்தப் பலகையில் டிரா கொடுத்தாலும் அரைப் புள்ளி நிரந்தர நஷ்டம். வென்றுகொண்டிருக்கும் அணியும் நான்காம் பலகையை விடாமல் இழுக்க வேண்டும். புதிய கணக்கில் ஒரு பலகையில் வெற்றி உறுதியானால் மற்ற மூவரும் டிராவைப் பிடித்துக்கொண்டு எழலாம். மெலிந்த அணிகளைத் துடைத்தெறியும் ஆழத்துக்கு இருந்த மதிப்பு சரிந்தது. தோற்காத நால்வருக்கு மதிப்பு ஏறியது. 30 லட்சம் அளவே மக்கள்தொகை கொண்ட ஆர்மீனியா 2008இலும் 2012இலும் தங்கம் வாங்கியதும், தரப்பட்டியலில் முதலிடத்தோடு வந்த ரஷ்யா மறுபடி மறுபடி தங்கம் இல்லாமல் திரும்பியதும் இந்தக் காலத்தில்தான். 2012இல் இஸ்தான்புலில் இருவரும் 19 புள்ளியில் சமம். டை-பிரேக் ஆர்மீனியாவின் பக்கம் சாய்ந்தது.

இங்கே கவனமான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். ஆர்மீனியாவின் முதல் தங்கம் 2006இல் டியூரினில் வந்தது. அது பழைய ஆட்டப் புள்ளிக் கணக்கு. 36 புள்ளி, சீனாவைவிட இரண்டு அதிகம். ரஷ்யா அங்கே ஆறாம் இடம். அப்படியானால் கணக்கு மாறியதால் ஆர்மீனியா வந்தது என்பது பொய்யாகிறதே? நியாயமான கேள்வி. அரோனியன், அகோபியன், சர்கிசியன் கொண்ட அந்த அணி எந்தக் கணக்கிலும் வலுவானதுதான். ரஷ்யாவின் சரிவும் விதி மாற்றத்துக்கு முன்பே, 2004இல் கால்வியாவில் உக்ரைனிடம் தங்கத்தை விட்டபோதே தொடங்கிவிட்டது. சோவியத் உடைந்தபோது அந்த ஆழம் ஒரே நாட்டிடம் தங்காமல் உக்ரைன், ஆர்மீனியா, அஜர்பைஜான், உஸ்பெகிஸ்தான் என்று பிரிந்துபோனதே அடிப்படைக் காரணம். புதிய கணக்கு செய்தது, மீதமிருந்த ஆழத்தின் விலையைக் குறைத்தது மட்டுமே. ரஷ்யாவுக்கு ஆர்மீனியா ஆகாது என்பதைவிட, ரஷ்யாவுக்கு இருந்த பழைய லாப வழி மூடப்பட்டது என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

புதிய கணக்கு வசமான எதிரணியை இன்னொரு விசித்திரமான திசையிலும் தள்ளியது. அணிப் புள்ளி சமமானால் வரும் டை-பிரேக்கில், ஆகக் குறைந்த புள்ளி எடுத்த ஓர் எதிரணியைத் தவிர்த்து மற்ற ஒவ்வோர் எதிரணியிடமும் எடுத்த ஆட்டப் புள்ளியை அந்த எதிரணி கடைசியில் சேர்த்த அணிப் புள்ளியால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். அதாவது நீங்கள் வென்ற அணி அதன் பிறகு வென்றுகொண்டே போனால் உங்களுக்கு லாபம், துவண்டுவிட்டால் நஷ்டம். 2016இல் பாகுவில் உக்ரைன் பத்து மோதல் வென்று ஒன்றில், அமெரிக்காவிடம், தோற்றது. அமெரிக்கா ஒன்பது வென்று இரண்டைச் சமன் செய்தது. இருவருக்கும் 20. தங்கம் அமெரிக்காவுக்குப் போனது. அதை முடிவு செய்தவர்கள் வேறு மேசைகளில் ஆடிக்கொண்டிருந்த பழைய எதிரணிகள். 2018இல் பதூமியில் சீனா, அமெரிக்கா, ரஷ்யா மூன்றும் 18இல் நின்றபோதும், 2022இல் மாமல்லபுரத்தில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19இல் நின்றபோதும் இதே கதை. ஒரு காலத்தில் வசமான எதிரணி என்பது பட்டியலின் அடியில் கிடந்த அணி. இன்று அது நம்மிடம் தோற்ற பிறகு எல்லோரையும் வெல்லும் அணி. இவ்வளவு தலைகீழான மாற்றத்தை எந்த நாட்டின் குணத்தாலும் விளக்க முடியாது.

மாமல்லபுரத்தையும் அதன் தொடர்ச்சியான 2024 புடாபெஸ்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தியாவைப் பற்றிய பேச்சும் தெளிகிறது. 2022இல் ஆறாம் சுற்றில் ஆர்மீனியா, குகேஷ் தலைமையில் ஆடிய இந்தியாவின் இரண்டாம் அணியை 2.5–1.5 என்று வென்றது. எட்டாம் சுற்றில் முதல் அணியையும் அதே கணக்கில். ஒரே ஒலிம்பியாடில் இரண்டு இந்திய அணிகளை வீழ்த்திய நாட்டை ஆகாத எதிரணி என்று சொல்வதில் தவறென்ன என்று அன்று தோன்றியிருக்கும். புடாபெஸ்டில் இந்தியா 22க்கு 21 அணிப் புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது. ஆர்மீனியா? சுவிஸ் ஜோடியமைப்பு 11 சுற்றிலும் அவர்களை எதிரே கொண்டுவரவே இல்லை. இந்தியா விட்ட ஒரே புள்ளி ஒன்பதாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானிடம்: நான்கு பலகையும் டிரா. 2022இல் இரண்டாம் அணி தங்க வாய்ப்பை இழந்ததும் உஸ்பெகிஸ்தானுடன் 2–2 என்று முடிந்த பத்தாம் சுற்றில்தான் என்பதால், இப்போது பட்டியலில் அந்தப் பெயர் ஏறியிருக்கிறது. அந்த இரண்டு மோதலையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை 2–2 என்ற எண்ணோடு முடிகிறது. மாமல்லபுரத்தில் குகேஷ் அப்துசத்தோரோவிடம் தோற்க, பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்று ஈடுகட்டினார். புடாபெஸ்டில் யாரும் யாரையும் வெல்லவில்லை. ஒரே முடிவு, இரண்டு வேறு காரணங்கள்.

புடாபெஸ்ட் கணக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தியா 44 ஆட்டத்தில் 35 புள்ளி எடுத்தது; தோற்றது ஒரே ஆட்டம், அமெரிக்காவின் வெஸ்லி சோவிடம். மொராக்கோவையும் ஐஸ்லாந்தையும் 4–0 என்று வென்றபோதும், சீனாவையும் அமெரிக்காவையும் 2.5–1.5 என்று வென்றபோதும் கிடைத்தது அதே இரண்டு அணிப் புள்ளிதான். சீன மோதலில் மூன்று பலகை டிரா, குகேஷின் வெற்றி ஒன்றே மோதலை முடித்தது. இது புதிய கணக்கு விரும்பும் வெற்றி. அமெரிக்க மோதலில் குகேஷ் கருவானாவை வென்றார்; இரண்டு ஆண்டுக்கு முன் மாமல்லபுரத்திலும் அவரையே வென்றிருந்தார். வசம் என்ற சொல்லுக்கு இடமிருந்தால் அது இங்கேதான்: ஒரு பலகையில், இரண்டு மனிதர்களுக்கிடையே. அதையும் ரெய்க்யவிக்கை நினைவில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

ஆக, அணி செஸ்ஸின் வரலாற்றை எழுதுகிறவர் யார் யாருக்கு வசம் என்ற கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை. அதன் முன்னால் இன்னொரு கேள்வியை வைத்தால் போதும்: அந்த ஆண்டு எதை எண்ணினார்கள்? ஆட்டத்தை எண்ணிய காலத்தில் 1956இன் ஹங்கேரியும் 1964இன் மேற்கு ஜெர்மனியும் மானத்தை வென்றன, தங்கத்தை அல்ல. மோதலை எண்ணும் காலத்தில் அதே 2.5–1.5 ஒரு ஒலிம்பியாடையே திருப்பிப் போடும். மாஸ்கோவில் ஆடியவர்கள் புடாபெஸ்டில் ஆடியவர்களைவிடத் தைரியத்தில் குறைந்தவர்கள் அல்ல. அவர்கள் வென்ற அந்த ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு அன்றைய விதி கொடுத்த விலைதான் குறைவு. எந்த அணி நமக்கு ஆகாது என்று அடுத்த ஒலிம்பியாடுக்கு முன் கவலைப்படுகிறவர்கள் பழைய மோதல்களின் பட்டியலைத் தேடுவதற்கு முன், இந்த முறை சமமானால் என்ன செய்வார்கள் என்ற விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.